அப்பாவை இழுத்த கட்டுரை

“ரெண்டாவது வரியிலேயே கொட்டாவி வந்துடுச்சு. இதைப் படிச்சு உங்கப்பா மனசு மாறுவாரா? சான்ஸே இல்லை!”

தன் கட்டுரைக்கு அடியில் வகுப்புத் தோழி குண்டூசி சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் நங்கூரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பள்ளியின் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆளாகக் காலை ஊன்றி நிற்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அணி மூன்று நாள் வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்புகிறது. அவளுடைய அப்பா மட்டும் ‘அனுப்ப முடியாது’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அந்த நேரம் பார்த்து வகுப்பு டீச்சர், “யாராவது ஒருத்தர் மனசை மாத்தற மாதிரி ஒரு கட்டுரை எழுதுங்க. அதை ரெண்டு பேர்கிட்ட கொடுத்துக் கருத்து வாங்குங்க” என்றார். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? நங்கூரம் அப்பாவுக்கே எழுதிவிட்டாள்.

முதலில் படித்தவள் ஆமாஞ்சாமி. எதைக் காட்டினாலும் தலையாட்டுகிற தங்கமான பெண். “ஒரு எழுத்தைக்கூட மாத்தாதேடி. எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்று எழுதி, இதயம் வேறு வரைந்து கொடுத்தாள்.

அடுத்து குண்டூசி. அந்தப் பெயர் அவள் உடம்பைப் பார்த்து வைத்ததில்லை, வாயைப் பார்த்து வைத்தது.

“உனக்குப் பொறாமைடி! டீம்ல உன்னை எடுக்கலைன்னு வயித்தெரிச்சல்” என்றாள் நங்கூரம்.

“இருந்துட்டுப் போகட்டும். உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?”

“லிஃப்ட் மெக்கானிக். அதுக்கென்ன இப்போ?”

“எப்போ எது அறுந்து விழுமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கிற மனுஷன். அவர்கிட்ட போய் ‘கயிறே என் உயிர்’னு ஆரம்பிச்சிருக்கியே, உருப்படுமா?”

நேற்றுகூட அப்பா, “கயிறு அறுந்தா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்” என்று கத்தியதை நங்கூரமே சொன்னாள்.

“பாத்தியா! அவர் பயம் ஒண்ணு, நீ பேசறது ஒண்ணு. கயிறு எவ்வளவு தடிமன்? யார் சோதிச்சாங்க? அறுந்தா எங்கே விழுவே? இதுக்கு ஒரு வரி உண்டா? எல்லாத்தையும் அடி!”

அடித்தார்கள். முதல் பக்கம் முழுவதும் போனது. ‘வானமே எல்லை’ என்ற இடத்தில் மட்டும் நங்கூரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்டி. ராத்திரி பூரா யோசிச்சு எழுதினது.”

“லிஃப்ட்காரருக்கு மொட்டைமாடிதான் எல்லை. அடி!”

இருவரும் சிரித்த சிரிப்பில் டீச்சர் சாக்பீஸை வீசினார். சாப்பாட்டு இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறைக்கு ஓடி, கயிற்றை நூலால் சுற்றி அளந்தார்கள். புல்தரையில் வேண்டுமென்றே பொத்தென்று விழுந்து, வலிக்கிறதா என்று பார்த்தார்கள். வலிக்கவில்லை. அதனால் இன்னொரு தடவை விழுந்தார்கள்.

“கடைசி வரி இப்படிப் போடு. ‘நான் சொல்றதை நம்ப வேண்டாம்ப்பா. நீங்களே வந்து கயிறைச் சோதிச்சுப் பாருங்க.’”

“வந்துட்டார்னா?”

“வரட்டுமே!”

மறுநாள் காலை நிஜமாகவே வந்துவிட்டார், தோளில் கருவிப் பையோடு.

பி.டி. மாஸ்டருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, மைதானத்தில் மண்டியிட்டுக் கயிற்றை முறுக்கினார், பிரித்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்து மல்லாக்கச் சாய்ந்து தொங்கினார். அணி மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. நங்கூரத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் உயிரே அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார்.

“கயிறு நல்ல கயிறு சார். எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க.”

“அப்பா!” என்று நங்கூரம் பாய்ந்து கட்டிக்கொண்டதில், கயிறு சாய்க்காத மனிதர் மகளோடு புல்லில் உருண்டார். மைதானத்தில் ஒரே கூச்சல். ஓரமாக நின்ற குண்டூசி எல்லாரையும் மிஞ்சி விசிலடித்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்கு ஓடினாள்.

“கட்டுரையைக் கிழி கிழின்னு கிழிச்சாளே, பொறாமைக்காரி! அவளும் நல்லதுக்குத்தான் உதவியிருக்கா சார்” என்றாள் நங்கூரம், மூச்சு வாங்கச் சிரித்தபடி.

மாஸ்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“குண்டூசிகிட்ட, ஊருக்குக் கட்டி வெச்ச பையைப் பிரிச்சிடச் சொல்லும்மா. உங்கப்பா அனுப்பலைன்னா உன் இடத்துக்கு அவதான்னு போன வாரமே அவகிட்ட சொல்லியிருந்தேன்.”