முந்திக்கொண்ட சமக்குறி

அக்ராவில் நிரல் எழுதும் செலோம் அக்பாலு, சென்ற மழைக்காலத்தில் ஒரு மதிய இடைவேளையின்போது எனக்குச் சொன்ன கதையின் வடிவம் இது.

ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். மதியச் சோறு இலவசம். ஆனால் ஊழியராகவும் இருக்க வேண்டும், காலை எட்டு மணிக்குள்ளும் வந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான், அட்டையைக் காட்டியதும் உணவறைக் கதவு திறக்கும்.

அந்தக் கதவின் நிரலைப் பைத்தான் மொழியிலிருந்து பிஎச்பி மொழிக்கு மாற்றி எழுதியவள் ஜிஃபா. வேலை இன்னும் நிரந்தரமாகாதவள்.

அன்று முதலாளி நார்ட்டே உணவறைக்குள் நுழைந்தபோது, ஊழியன் எலிகெம், அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த வாச்சேச் சோற்றின் இரண்டாவது தட்டில் மூழ்கியிருந்தான்.

“எத்தனை மணிக்குடா வந்தே?”

“பதினொண்ணு, பாஸ். கனேஷி ரோட்டுல ஒரே வெள்ளம்.”

“கதவு திறந்துச்சா?”

“தினமும் திறக்குதே! தங்கமான கதவு, பாஸ்.”

உணவறையே மெல்லுவதை நிறுத்தியது.

“ஜிஃபா! லேப்டாப்பை எடுத்துட்டு வா.”

வந்தாள். நிபந்தனை வரியின்மீது அவர் விரல் நின்றது. “இங்க என்ன போட்டிருக்கே?”

“‘அண்ட்’னு வார்த்தையாவே எழுதியிருக்கேன், சார். பைத்தான்ல அப்படித்தானே...”

“இது பைத்தானா? இங்க அந்த வார்த்தையைப் போட்டா சமக்குறி முந்திக்கும். ஊழியரான்னு மட்டும் பார்த்து, ‘சோறு உண்டு’ன்னு எழுதி வெச்சிடும். நேரத்தை அப்புறம்தான் பார்க்கும். பார்த்து என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள இவன் கையே கழுவியிருப்பான்!”

எலிகெம் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“என் வேலை போயிடுமா, சார்?” என்று கேட்டாள் ஜிஃபா.

“இப்பவே சரி பண்ணலேன்னா போயிடும். &&னு குறியா போடு.”

போட்டாள். நார்ட்டே எலிகெமின் அட்டையைப் பிடுங்கிக் கதவில் காட்டினார். சிவப்பு விளக்கு.

“ஒரே குறியில என் வயித்துல அடிச்சிட்டியே, தங்கச்சி!” என்று அலறினான் எலிகெம்.

நார்ட்டேயின் முகம் மலர்ந்தது. “இப்பத்தான் இது புரோகிராம். உன் வேலை எங்கயும் போகாது. சரி, எட்டு மணின்னு இருக்கே, அதைச் சாயங்காலம் அஞ்சுன்னு மாத்து.”

“சார்... அப்போ பழையபடி எல்லாரும் சாப்பிடுவாங்களே?”

“சாப்பிடட்டும்மா, மழையில நனைஞ்சுட்டு வர்றாங்க. ஆனா என் ஆபீஸ்ல எவனும் கோளாறால சாப்பிடக் கூடாது. விதிப்படி சாப்பிடணும்!”

குமாசியில் நான் கேட்ட வடிவத்தில் எட்டு மணி மாறுவதில்லை. மறுநாள் அந்தக் கதவு முதலில் வெளியே நிறுத்தியது நார்ட்டேயைத்தான் என்று அங்கே முடிக்கிறார்கள்.