திரையில் வராத வசனம்

கண்டி வாவிக்குப் பக்கத்து மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம், நூறு வருசத்துக்கு முந்திய ஊமைப்படம் ஓடுகிறது. பார்ப்பவர்கள் ஓய்வூதியக்காரர் முப்பது பேர். எங்களுடைய இருமல்தான் பின்னணி இசை. தகப்பன் சொல்லுக்காக நிச்சயதார்த்த மோதிரத்தை வாங்கிவிட்டு விழிக்கிற பெண்ணுக்காக இரண்டு வாலிபர்கள் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். ஒருவனுடைய மீசையில் நாலு காகம் தாராளமாகக் குந்தலாம். ஆங்கில எழுத்து வரும்போதெல்லாம் பாலேந்திரன் மாஸ்டரின் மகள் மதனி எழுந்து தமிழில் வாசிக்கிறாள். வருகிற புதன்கிழமை அவளுக்கும் லண்டன் மாப்பிள்ளைக்கும் மோதிரம் மாற்றுகிறார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் மாஸ்டர், மண்டபத்துக்கே வெளிச்சம் கொடுக்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இப்போது கதாநாயகி தகப்பன் முன்னால் முழந்தாளிட்டு வாயைத் திறக்கிறாள். எழுத்து எதுவும் வரவில்லை. ஆனாலும் மதனி வாசிக்கிறாள்.

"அப்பா, எனக்கு அந்த லண்டன் மாப்பிள்ளை வேண்டாம்."

முப்பது இருமலும் ஒரேயடியாக நிற்கின்றன. வாவி மீன்கள்கூட மேலே வந்து காது கொடுத்திருக்கும்.

"எழுத்தைக் காணேல்லையே, பிள்ளை," என்கிறார் மாஸ்டர்.

"எழுத்து இல்லையப்பா."

மாஸ்டர் திரையிலிருக்கிற கதாநாயகியைக் கைகாட்டுகிறார்.

"அந்தப் பிள்ளை ஆரை விரும்புதாம்?"

"கம்பளை ரமேஸை. என்னோட படிப்பிக்கிறவர்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, போட்டிருக்கிற சேட்டின் நுனியால் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். திரையில் அந்த இரண்டு வாலிபர்களும் சத்தமில்லாமல் அடிபடுகிறார்கள். பிறகு அவர் படம் ஓட்டுபவரைத் திரும்பிப் பார்க்கிறார்.

"படத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. என்ர பிள்ளை கதைக்கட்டும்."