கல்யாண லீவு

“எழுபத்திநாலு மே மாசம், கல்யாண லீவு ஒரு மாசம். இதானே சுப்புராயன்?”

“ஆமா சாப்.”

லியோனார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில், முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாடி அறையில் உட்கார்ந்து, பதிவுகளில் பிறந்த தேதியோ பேரோ தப்பாகிப்போனவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். எதிரே, நாயக்காக ஓய்வு பெற்ற சுப்புராயன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது.

“பதிவுல சம்சாரம் பேரு பவானின்னு இருக்கு. அதை நீலான்னு மாத்தணும்.”

“மாத்தியே ஆவணும் சாப். வர்ற திங்கக்கெயமை ஆஸ்பத்திரியில நெஞ்சைக் கீறப் போறாங்க. நான் பூட்டா நீலாவுக்குப் பென்ஷன் வராது. சோத்துக்கே பேஜாராயிடும்.”

“பூட மாட்ட. சும்மா கெட,” என்றாள் அம்மாள்.

“சரி, யார் இந்தப் பவானி?”

சுப்புராயன் ஜன்னல் பக்கம் பார்த்தார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றிருந்தன.

“பக்கத்துக் குப்பம் சார்,” என்றாள் அம்மாள். “இவரு கட்டிக்க இருந்த பொண்ணு.”

“எப்படி இருப்பாங்க?”

“சுமாரா இருப்பா. வாய்தான் நீளம்.”

“அதெல்லாம் இல்ல சாப். நல்லா இருப்பா.”

லியோனார்ட் சிரித்தார். “தைரியம்தான் உங்களுக்கு. பக்கத்துல ஆளை வெச்சுகிட்டே!”

சுப்புராயனும் லேசாகச் சிரித்தார். “லீவு கேட்டு எழுதும்போது கல்யாணப் பத்திரிகையையும் வெச்சுக் குடுத்தேன் சாப். அப்ப பஞ்சாப்புல இருந்தோம். ரயில்ல வந்து எறங்கி, யூனிபார்மைக்கூட கழட்டாம நேரா குப்பத்துக்கு.”

“பூட்ஸ் பூரா மணலு சார்,” என்றாள் அம்மாள். “கரையில நாலடி வெக்கிறதுக்குள்ள ரெண்டு தபா வுயுந்தாரு. தலையில ட்ரங்குப் பெட்டி வேற. ரெண்டு குப்பமும் நின்னு சிரிச்சுது. அந்தக் கரையே இப்ப இல்ல. கல்லைக் கொட்டிட்டாங்க.”

“கூறைப்புடவை எடுக்க ரெண்டு வூட்டு ஆளுங்களும் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம் சாப். கடை கடையா ஏறி எறங்கினோம். அவளுக்குப் பச்சைதான் வோணும். எங்க அம்மா பச்சை கூடாதுன்னுட்டாங்க.”

“கடைசியில என்ன எடுத்தீங்க?”

“அரக்கு,” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

லியோனார்ட் அம்மாளைப் பார்த்தார். “எல்லாம் சொல்லி வெச்சிருக்காரு போல.”

“யாரு, இவரா? வாயே தொறக்க மாட்டாரு சார்.”

“பஞ்சாப்புலருந்து அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியாந்தேன்,” என்றார் சுப்புராயன்.

“மெட்ராஸ் வெயிலுக்கு!” அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அதுல படுத்துதான் என் புள்ளைங்க ரெண்டும் வளந்துச்சு.”

சுப்புராயன் திரும்பினார். “அது இன்னும் கீதா?”

“கீது. ஓரத்துல பூச்சி அரிச்சுடுச்சு.”

லியோனார்ட் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். “கல்யாணம் ஏன் நின்னுச்சு?”

“பந்தல் போட்டாச்சு சாப். அன்னிக்குன்னு பாத்து கடல்ல ரெண்டு குப்பத்துக்கும் வலைத் தகராறு. பந்தக்காலையே புடுங்கி அடிச்சுகினாங்க. அவ நைனாவுக்கு மண்டை ஒடஞ்சுது. இனிமே அந்தக் குப்பத்துல பொண்ணு எடுக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாதுன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் பேசலையா?”

“இன்னா பேசுவாரு?” என்றாள் அம்மாள். “பாகிஸ்தான்காரனுக்குப் பயப்படாத ஆளு. பஞ்சாயத்துல கையைக் கட்டினு நின்னாரு.”

சுப்புராயன் மறுக்கவில்லை.

“திரும்பிப் போனா, பத்திரிகையைப் பாத்து கிளார்க்கு அவ பேரை ஏத்திட்டான். கம்பெனியே லட்டோட நிக்குது. பந்தக்கால்ல அடி வாங்கினு வந்தேன்னு எப்டி சாப் சொல்றது? லட்டைத் துன்னுட்டேன்.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய நேரமாயிற்று. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“அப்பால நீலாவைக் கட்டினேன். அதைச் சொன்னா ரெண்டாங் கல்யாணம்னு வேலையை வுட்டே தூக்கிடுவாங்கன்னு பயம். அப்டியே வுட்டுட்டேன்.”

லியோனார்ட் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

“இதுல ஒரு சிக்கல் இருக்கு சுப்புராயன். உங்களுக்கும் தனக்கும் கல்யாணமே நடக்கலைன்னு அந்தப் பவானி இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா நீலாம்மாவை ரெண்டாவது சம்சாரம்னு தள்ளிடுவாங்க. பென்ஷன் கிடையாது. அந்தம்மா இப்ப எங்க இருக்காங்களோ! இருந்தாலும், இதுக்கு எதுக்கு வரப்போறாங்க?”

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் கையை நீட்டினாள். “பேனாவைக் குடு சார்.”

“நீங்க எதுக்கும்மா?”

“நீலாதான் என் வூட்டுக்கே வந்து, போய்ட்டு வாக்கான்னு அனுப்பிச்சா. எங்க போடணும், சொல்லு.”

லியோனார்ட் இடத்தைக் காட்டினார். அவள் எழுத்து எழுத்தாக ‘பவானி’ என்று எழுதினாள். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“இத்த அனுப்பிச்சுட்டா, அதுல கீற என் பேரை அடிச்சிடுவாங்களா சார்?”