கணக்கப்பிள்ளையின் எடை

கணவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, பவுலின் அவருடைய கோட்டுப் பையை மோந்து பார்த்தாள். கருவாட்டு வாசம் வரவில்லை. தலையணை உறையையும் விடவில்லை. அதில் தைல மணம்தான் அடித்தது.

"என்னா பவுலின், மோப்பம் புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று வாசலில் நின்று கேட்டார் கணக்கப்பிள்ளை ஞானரட்ணம். அவ்வளவு பேசுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கருவாட்ட எங்க ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்கன்னு சொல்லிடுங்க. நான் ஏச மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா தொடலடி."

கல்யாணமான நாள் முதல் எத்தனையோ பொய்க்கு அவர் மாதாவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். அதனால் பவுலின் நம்பவில்லை. ராகலைக் கடைத்தெருவில் பாண் ரொட்டிக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் மனிதருக்குக் கருவாடு எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் புரியவில்லை.

மாரடைப்பில் பிழைத்து வந்தபோதே நகரத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டு இருதயம் சோர்ந்துவிட்டது. இனி உடம்பில் தண்ணீர் தங்கப் பார்க்கும். மாத்திரை தவறக்கூடாது, உப்பு ஆகாது, தினமும் எடை பார்க்க வேண்டும். எடை ஏறினால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம், உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும்.

தோட்டத்தில் ஆளை நிறுக்கத் தராசுக்கு எங்கே போவது? காலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் தராசில் சாக்கை ஊஞ்சல் மாதிரிக் கட்டிக் கணக்கப்பிள்ளையை அதில் உட்கார வைத்தார்கள். முள் அவர் தலைக்கு மேலே இருந்தது. அவருக்குப் பதிலாகக் கொழுந்து நிறுக்கும் பொன்னையா கங்காணி அண்ணாந்து பார்த்துச் சொல்வதுதான் எடை.

பொன்னையா, கணக்கப்பிள்ளை ஐயாவிடமே தொழில் பழகியவர். ஐயா நிறுத்த காலத்தில் தோட்டத்துக்கு ஒரு றாத்தல்கூட நட்டம் வந்ததில்லை என்று பெரிய துரையே மெச்சியதுண்டு. கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டால், அந்த நட்டமெல்லாம் தங்கள் கூடைக்குத்தான் வந்தது என்பார்கள்.

"கங்காணி, ஐயாவுல முத்தின எலை கெடக்கான்னு பாத்து நிறுங்க!" என்று ஒருநாள் அவர்களில் ஒருத்தி வேலாயி சொல்ல, மடுவமே சிரித்தது. ஐயா சாக்குக்குள்ளிருந்து முறைத்தார். ஊஞ்சலாடிக்கொண்டே முறைக்கிற மனிதருக்கு யார் பயப்படுவார்கள்?

எடை என்னவோ குறைந்துகொண்டுதான் வந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் இன்னும் இறங்கியது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஐயா அதை வீட்டில் வந்து சொல்வார். சேதி கேட்ட டாக்டரும் தண்ணீர் இறக்கும் மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் செருப்பு காலில் ஏற மறுத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஐயா நாற்காலியில் சாய்ந்தே கண்ணயர்ந்தார். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே பவுலினும் விழித்திருந்தாள். எடை குறைகிற மனிதருக்குக் கால் ஏன் வீங்குகிறது? உப்பைத் தவிர வேறு எதைச் சந்தேகிப்பாள் அவள்?

இன்றைக்கு, எடை பார்த்துவிட்டு வந்து, சத்தியமும் பண்ணிவிட்டு உட்கார்ந்தவரால் மறுபடி எழும்ப முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பவுலின் அலறிய அலறலில் ஓடிவந்த பொன்னையா, தோட்டத்து லொறியில் ஐயாவை ஏற்றித் தானும் கூட ஏறிக்கொண்டார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் அந்த யாழ்ப்பாணத்து டாக்டர், ஐயாவின் காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது.

"நிறை குறையுது எண்டு சொன்னதை நம்பித்தானே மாத்திரையைக் குறைச்சனான். உப்புச் சாப்பிட்டனீங்களோ?"

"கருவாடுங்க டாக்டர்!" என்று முந்திக்கொண்டாள் பவுலின். "ஒளிச்சு வச்சுத் திங்கிறாருங்க."

ஐயா இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை சொல்கிறார், அதை நம்ப ஒருவரும் இல்லை.

ஊசி போட்டு, ஒக்சிஜன் வைத்தார்கள். பின்னேரத்துக்குள் சிறுநீர் தாராளமாகப் போய், மூச்சிரைப்பு மட்டுப்பட்டது. "இனிப் பயமில்லை, அம்மா" என்று டாக்டர் சொன்னதும் பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த மனிதரைப் போய்க் கள்ளன் மாதிரிச் சோதித்தேனே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை.

ஐயாவைக் கட்டிலிலிருந்து மெல்ல இறக்கி, வார்டுத் தராசில் நிற்க வைத்தார் டாக்டர். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்துவிட்டுப் பொன்னையாவிடம் திரும்பினார்.

"இவ்வளவு தண்ணி போன பிறகும், காலமை நீங்கள் நிறுத்துச் சொன்னதைவிட இருபது றாத்தல் கூடவோ? உங்கட தராசு பிழை."

பொன்னையாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "தராசு சுத்தமானதுங்க டாக்டர். வேணும்னா ஐயாகிட்டயே கேளுங்க."

"அப்ப, முள் காட்டினதைத்தானே சொன்னீங்கள்?"

பொன்னையா தலையைச் சொறிந்தார். ஐயாவின் முகம் சட்டென்று மாறியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பொன்னையாவைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார்.

"மழைநாளுங்களே... கொழுந்துக்கு ஐயா பழக்கினபடி, சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சுட்டுத்தாங்க சொன்னேன்!"