வாசலில் பச்சை விளக்கு

மூன்றாம் மாடி சுகந்தியின் ஒரே மகன் திலீபன் லாரி மோதிச் செத்துப்போனான். துக்கம் விசாரிக்க எங்கள் பிளாக்கில் ஒருத்தரும் படியேறவில்லை. ஏறுவானேன்? வீட்டில் யாருக்குத் துக்கம் இருந்தாலும் வாசலில் மாட்டியிருக்கிற, மனசை அளக்கும் மனமானி சிவப்பாக எரியும். அவர்கள் வாசலில் பச்சை.

மனசு விஞ்ஞானம் தொடங்கின காலத்தில், "உள்ளே என்னம்மா செய்யுது?" என்று ஆளையே கேட்டு எழுதிக்கொள்வார்களாம். ஆட்கள்தான் பொய் சொல்வார்களே! இப்போது மானியை மட்டும்தான் கேட்கிறோம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. போனேன்.

சுகந்தி தரையில் கிடந்து அழுதாள். "நெஞ்சு வெடிக்குதுக்கா. நீங்களாவது நம்புங்க."

"மானியில ஒரு கோளாறும் இல்லையாம்," என்றார் அவள் கணவர் தாமோதரன். "நானே அழலை. இவ சும்மா சீன் போடுறா."

வாசலை எட்டிப் பார்த்தேன். பச்சைதான். "நல்லாத்தான் நடிக்கிறா" என்று லிப்டில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

நேற்று மறுபடி போனேன். சுகந்தி பளிச்சென்று தலைவாரி, மூன்று தட்டில் தோசை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது யாருக்குடி?"

"திலீபனுக்குத்தான். எனக்குத் துக்கமே இல்லைன்னு மானி சொல்லுதேக்கா. அப்போ அவன் சாகலைதானே?"

தாமோதரன் சுவர்ப்பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதார். நான் அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தேன்.

அப்போதும் பச்சைதான்.