இடது கண்

தணிகாசலத்தின் மனைவி அமிர்தவல்லியின் பதினாறாம் நாள் படையல் சோறு மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது. மகள் பூங்கோதை தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காக்கைகூட வரவில்லை. எப்படி வரும்? அமிர்தவல்லியின் கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றுகிறேன் என்று ஆறு வருடமாகப் பொடி ரவைத் துப்பாக்கியால் காக்கைகளைச் சுட்டு, மற்றவை பயப்படட்டும் என முருங்கைமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டவர் தணிகாசலம். கடைசியாகத் தொங்கியதை நேற்றுதான் அவிழ்த்துப் புதைத்தார். கயிறு மட்டும் கிளையில் ஆடியது.

“உள்ள போங்கப்பா. உங்க மூஞ்சி அதுங்களுக்குத் தெரியும்,” என்றாள் பூங்கோதை. “நீங்க நின்னா அம்மா எப்படி வருவா?”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் சாய்ந்தபோது ஒரே ஒரு காக்கை மதில்மேல் இறங்கி, நொண்டி நொண்டி சோற்றை நோக்கி நடந்தது. “அம்மா!” என்று விம்மினாள் பூங்கோதை.

தணிகாசலம் ஜன்னல் கதவை விரலளவு திறந்தார். குறிபார்க்கிற அதே இடுக்கு. அவளைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்று மூச்சை அடக்கினார். பழக்கதோஷத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

சோற்றருகே குனிந்த காக்கை நிமிர்ந்து, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தது.