பாதியில் நின்ற மூன்றாவது பாட்டு

“அந்த மண்டபத்துல மொத்தமே எண்பது கதிரைதான் மகள். ஆனா ‘நான் முன்வரிசையில இருந்தேன்’னு இதுவரைக்கும் ஐந்நூறு பேராவது எங்கிட்ட சொல்லிட்டானுங்க.”

செல்வநாயகம் உதட்டைச் சுழித்தார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடை அவருடையது. எதிரில் உட்கார்ந்திருந்த இஸ்ரா, கைப்பேசியை ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, அவர் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பண்டாரவளைப் பெண். பேர் தெரியாமல் போன இசைக்குழுக்களைத் தேடிப் பிடித்து யூடியூப்பில் போடுவது அவளுடைய வேலை.

இந்த முறை அவள் தேடி வந்தது ‘பெரட்டு’ குழுவை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த நான்கு இளைஞர்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டின் பெயரையே வைத்து 1997இல் தொடங்கிய ராக் குழு. லுணுகலையில் ஒரே ஒரு மேடை. அதிலும் இரண்டரைப் பாட்டு. அதை யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். போன மாதம் அது இஸ்ரா கைக்குக் கிடைத்தது. இப்போது ஊவா மாகாணம் முழுக்க, போகிற பஸ்ஸில் எல்லாம் அந்த இரண்டரைப் பாட்டுத்தான்.

“அப்போ யாருமே அவங்கள மதிக்கலையா அங்கிள்?”

“மதிக்கிறதா? கொழுந்துக் கூடை தூக்கிறவன் வீட்டுக்குக் கிட்டார் ஒரு கேடான்னு கேட்ட ஊரு மகள் இது. ரேடியோவுக்கு அனுப்பினானுங்க. சத்தம்தான் இருக்கு, பாட்டு எங்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்போ பாரு, அத்தனை பேருக்கும் அவனுங்க ‘எங்க பையன்க’.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் இந்திரஜித், கோயில் கூட்டத்துக்கு மைக் கேட்டு உள்ளே வந்தார். கைப்பேசி தன் பக்கம் பார்ப்பதைக் கண்டதும் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“பெரட்டு பத்தியா? அன்னிக்கு முதல்ல கை தட்டினதே நான்தான். நிமலன் பாடப் பாட எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“எந்தப் பாட்டுக்கு மாஸ்டர்?” என்று கேட்டார் செல்வநாயகம்.

“அந்தக் கடைசிப் பாட்டு முடியிறப்போ.”

“கடைசிப் பாட்டை அவனுங்க முடிக்கவே இல்லையே.”

மாஸ்டர் சட்டைக் காலரை மறுபடி தளர்த்திக்கொண்டார். பிறகு, மைக்கை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

“பாத்தியா? ஒருத்தனுக்கும் வெட்கமில்ல. இவரு அன்னிக்கு லுணுகலைப் பக்கமே வரல.”

இஸ்ரா சிரித்தாள். “நீங்க மட்டும் எப்படி அங்கிள் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கீங்க?”

“நான் மேடை ஓரத்துலேயே நின்னேன். மைக், ஸ்பீக்கர் எல்லாம் என்னோடதுதானே.”

அதற்குப் பிறகு அவர் குரலில் இருந்த ஏளனம் கொஞ்சம் தணிந்தது. குழுவிலிருந்த ரமணன், தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துத் தானே செய்த கிட்டாரைப் பற்றிச் சொன்னார். நிமலன் வாயைத் திறந்ததும் பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் கூட அப்படியே நிறுத்திவிட்டதைச் சொன்னார்.

“கொழும்புல இருந்து ஒரு கேசட் கம்பனிக்காரர் வந்திருந்தாரு. முதல் பாட்டுக்குக் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு. ரெண்டாவது பாட்டுக்கு எழும்பி மேடைக்கிட்டயே வந்துட்டாரு. மூணாவது பாட்டு, பாதியில போகுது. திடீர்னு மைக், கிட்டார் எல்லாம் செத்துப்போச்சு. கால் மணி நேரம் பாத்தாங்க. சனம் கூச்சல் போட்டுக் கலைஞ்சுது. கம்பனிக்காரரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. அவ்வளவுதான். அதோட அந்தக் குழு முடிஞ்சுது.”

இஸ்ரா சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நேத்து நிமலன் அங்கிளைப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரு பேக்கரியில வேலை செய்றாரு. நீங்க வாடகையே வாங்காம எல்லாம் குடுத்து, உங்க சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு நடுவுல மேடையும் குடுத்தீங்களாமே. எங்கள மனுஷனா மதிச்ச ஒரே ஆள் அவருதான்னு சொன்னாரு. உங்க பேருக்கு நன்றி சொல்லித்தான் இந்த வீடியோ ஆரம்பிக்கணுமாம்.”

செல்வநாயகம் பக்கத்தில் கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

“ஆனா மத்த மூணு பேரும் அவரோட பேசுறதில்ல. அவரு மேடையில ஆடினப்போ கால் பட்டு வயர் கழண்டுதான் சத்தம் போச்சுன்னு நினைக்கிறாங்க. அவரும் அப்படித்தான் நினைக்கிறாரு. இருபத்தெட்டு வருஷமா ஒரு வரி பாடலையாம். பேத்தி தொட்டில்ல கிடந்தப்போ கூட வாய் திறக்கலன்னு அவரு சம்சாரம் அழுதாங்க.” அவள் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள். “மேடை ஓரத்துல நின்னவரு நீங்க. நிஜமாவே வயர்தானா அங்கிள்?”

செல்வநாயகம் கைப்பேசியை நோக்கிக் கையை நீட்டினார். பதிவை நிறுத்தப்போகிறார் என்று இஸ்ரா நினைத்தாள். அவரோ அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

“வயர் கழண்டு போகல மகள். தோட்டத்துப் பயலுக கிட்டாரோட நிக்கிறதப் பாத்தாலே சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்னுதான் அவனுங்கள மேடை ஏத்தினேன். ஒருத்தரும் சிரிக்கல. அதான், சுவிட்சை நானே இறக்கினேன்.”